கோல் மன்னன் விலிமோவ்ஸ்கி
(இறுதியாண்டு, மெக்கானிக்கல்)

பீலேயைத் தெரியும், மாரடோனாவைத் தெரியும். எர்னெஸ்ட் விலிமோவ்ஸ்கி? ஃபுட்பால் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களிடமே கேட்டுப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவன் மட்டும் ரஷ்யாக்காரனா என்றான்.

உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் முதன்முதலாக நான்கு கோல் போட்டவர் இவர்தான். ஆண்டு 1938. அதற்குப் பிறகு நான்கு கோல் போட்டவர்கள் சிலர் உண்டு. 1994-ல் ரஷ்யாவின் ஒலெக் சலென்கோ கேமரூனுக்கு எதிராக ஐந்து போட்டு அந்தச் சாதனையைத் தாண்டினார். ஆனால் அவர்கள் எல்லோரும் ஜெயித்த அணியில் இருந்தவர்கள். நான்கு கோல் போட்டும் தோற்று வீட்டுக்குப் போனவர் விலிமோவ்ஸ்கி ஒருவர்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. போலந்து நாட்டுக்காக 22 ஆட்டங்களில் 21 கோல் போட்ட இந்த மனிதர், பிறகு ஜெர்மனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு 8 ஆட்டங்களில் 13 கோல் போட்டார். அதுவும் எப்போது? போலந்தை ஜெர்மனி பிடித்து வைத்துக்கொண்டு அந்த மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த நேரத்தில்! அதனால்தான் பல வருடங்கள் போலந்தில் இவர் பெயரைச் சொல்லவே ஆளில்லை.

துரோகி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

1916 ஜூன் 23-ல் அவர் பிறந்த ஊரின் பெயர் கட்டோவிட்ஸ். மேல் சிலேசியா என்கிற பகுதியில் இருக்கிறது. பூமிக்குக் கீழே நிலக்கரி, மேலே இரும்பு உருக்காலைகள். எங்கே பார்த்தாலும் புகைபோக்கி. வீட்டுக்கு ஒருவர் சுரங்கத்திலோ ஆலையிலோ இருப்பார்கள். அவர் பிறந்தபோது அந்த ஊர் ஜெர்மன் பேரரசில் இருந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. அந்த நிலக்கரியும் இரும்பும் யாருக்கு என்று சண்டை வந்தது. 1919, 1920, 1921 என்று மூன்று முறை அங்கே கிளர்ச்சி. நடுவில் ஒரு வாக்கெடுப்பு. கடைசியில் 1922-ல் மேல் சிலேசியாவை இரண்டாகப் பிரித்தார்கள். கட்டோவிட்ஸ் போலந்துக்குப் போய் 'கட்டோவிட்சே' ஆகிவிட்டது. விலிமோவ்ஸ்கிக்கு அப்போது ஆறு வயது. வீடு அதே வீடு, தெரு அதே தெரு, நாடு மட்டும் வேறே!

அங்கே வீட்டில் ஜெர்மன் பேசுவார்கள், கடைத்தெருவில் போலிஷ் பேசுவார்கள், இரண்டும் கலந்து சிலேசியப் பேச்சு ஒன்று தனியாகப் பேசுவார்கள். நீ யார் என்று கேட்டால் சிலேசியாக்காரன் என்றே நிறையப் பேர் சொல்வார்கள். விலிமோவ்ஸ்கியும் அப்படித்தான் சொல்லிக்கொள்வாராம்.

அவருடைய பெயரும் இப்படித்தான். பிறந்தபோது எர்ன்ஸ்ட் ஓட்டோ பிராண்டெல்லா. அப்பா ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்து முதல் உலகப் போரில் இறந்துபோனார். அம்மா பவுலினா பிறகு ரோமன் விலிமோவ்ஸ்கி என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1929-ல், பதின்மூன்று வயதில், பையனுக்கு மாற்றாந்தகப்பன் பெயர் வந்தது. போலிஷில் எழுதினால் எர்னெஸ்ட் விலிமோவ்ஸ்கி. ஜெர்மனில் எழுதினால் எர்ன்ஸ்ட் வில்லிமோவ்ஸ்கி, நடுவில் 'ல்' ஒன்று கூடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததற்கு ஒரு அலுவலகத்துக்கு நான்கு நாள் அலைந்தோம். அப்பாவுக்கு நான்கு நாள் கூலி போச்சு. அதனால் இந்த 'ல்' விஷயத்தை என்னால் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

ஆட்டத்துக்கு வருவோம். சிவந்த தலைமுடி. இடது கால் ஆட்டக்காரர். வலது காலில் ஆறு விரல்! ஆமாம், நிஜமாத்தான். எதிராளிகளை ஒவ்வொருவராக ஏமாற்றிக்கொண்டு போவதில் கெட்டிக்காரர். எல்லோரும் 'எஸி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதலில் சேர்ந்தது கட்டோவிட்சேயின் முதல் கால்பந்துக் கழகம். அது அங்கே இருந்த ஜெர்மன்காரர்களின் கிளப். பக்கத்தில் வியெல்கியே ஹைடுகி என்ற இரும்பாலை ஊர். பின்னால் ஹோஷூவ் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. அந்த ஊரின் கிளப் 'ரூக்'. கிளர்ச்சி நடந்த 1920-ல் ஆரம்பித்த போலிஷ் கிளப். 1933 முடிந்து அடுத்த சீசனுக்கு விலிமோவ்ஸ்கி அந்தப் பக்கம் தாவிவிட்டார். கைமாறிய பணம் ஆயிரம் ஸ்லோட்டி என்பார்கள். நமக்கு இது ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்கு மாறுவது. அந்த ஊரில் அப்படி இல்லை. ஜெர்மன்காரர்கள் அவரைத் துரோகி என்றார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூக் அணி 1933-ல் முதல்முறை போலந்து சாம்பியன் ஆகியிருந்தது. விலிமோவ்ஸ்கி வந்த பிறகு 1934, 1935, 1936, 1938 என்று நான்கு முறை சாம்பியன். தியோடர் பெட்டெரெக், கெரார்ட் வோடார்ஸ், விலிமோவ்ஸ்கி என்ற மூன்று ஃபார்வர்டுகளைக் கண்டாலே எதிரணிக் கோல்கீப்பருக்கு உதறல். முதல் சீசனிலேயே 33 கோல் போட்டு லீக்கில் முதலிடம். வயது? பதினெட்டு! நம்ம வயசு, நண்பர்களே. நாம் அரியரை எண்ணிக்கொண்டிருக்கிறோம், அவர் கோலை எண்ணிக்கொண்டிருந்தார். ரூக்குக்காக லீக்கில் அவர் ஆடியது 86 ஆட்டம், போட்டது 112 கோல். 1939 மே 21-ல் ஊச் நகரின் யூனியன் டூரிங் அணியை ரூக் 12-1 என்று அடித்தது. அதில் பத்து கோல் இவருடையது. போலந்து லீக்கில் ஒரே ஆட்டத்தில் பத்து கோல் போட்டவர் வேறு யாரும் இல்லை.

வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல் கோல் போட்டார் என்று கணக்குச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நட்பு ஆட்டம், பயிற்சி ஆட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிய கணக்கு அது. எனக்கு நம்பிக்கை இல்லை. அது தேவையும் இல்லை. உண்மையான கணக்கே போதும்.

தேசிய அணிக்கு முதலில் ஆடியது 1934 மே மாதம், கோபன்ஹேகனில் டென்மார்க்குக்கு எதிராக. அப்போது பதினெட்டுகூட நிறையவில்லை. ஆனால் ஆள் ஒழுங்கு இல்லை. குடிப்பார், இரவில் சுற்றுவார். அதற்காகத் தண்டனை கொடுத்து 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு அவரைக் கூட்டிப்போகவில்லை. போலந்து நான்காவது இடம் வாங்கியது. இவர் இருந்திருந்தால் ஒரு பதக்கமாவது கிடைத்திருக்கும் என்று அந்த ஊரில் பெருமூச்சு விட்டவர்கள் நிறைய. எனக்கு என்னவோ தண்டனை கொடுத்தது சரி என்றே தோன்றுகிறது. ஆனால் நான் போலந்துக்காரன் இல்லை, சுலபமாகச் சொல்லிவிடலாம்.

இப்போது அந்த 1938-க்கு வருகிறேன். உலகக் கோப்பை பிரான்ஸில் நடந்தது. அப்போது குரூப் ஆட்டமெல்லாம் கிடையாது. முதல் ஆட்டத்திலிருந்தே நாக்-அவுட். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். போலந்து முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்திருந்தது. ஜூன் 5-ல், ஸ்ட்ராஸ்பர்க் நகரில், எதிரே பிரேசில்! அதிலும் லியோனிடாஸ் இருக்கும் பிரேசில்.

பதினெட்டாவது நிமிடத்தில் லியோனிடாஸ் முதல் கோல் போட்டார். கொஞ்ச நேரத்தில் பந்தோடு உள்ளே புகுந்த விலிமோவ்ஸ்கியைத் தள்ளிவிட்டார்கள், பெனால்டி. அதை ஷெர்ஃப்கே போட்டார். 1-1. ஆனால் இடைவேளைக்குள் பிரேசில் 3-1. முடிஞ்சுது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இடைவேளைக்குப் பிறகு நல்ல மழை. மைதானம் சேறு. 53-ஆவது நிமிடம் விலிமோவ்ஸ்கி ஒன்று. 59-ல் இன்னொன்று. 3-3! பிரேசிலின் பெராசியோ மறுபடி ஒன்று போட்டு 4-3 ஆக்கினார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, 89-ல், விலிமோவ்ஸ்கி மூன்றாவது. 4-4. எக்ஸ்ட்ரா டைம். லியோனிடாஸ் இரண்டு போட்டார். 6-4. இங்கேயாவது விட்டிருக்க வேண்டும் இல்லையா? 118-ஆவது நிமிடம் விலிமோவ்ஸ்கி நான்காவது. 6-5. இன்னும் இரண்டு நிமிடம்தான் இருந்தது. போதவில்லை.

சேற்றில் பூட்ஸைக் கழற்றிவிட்டு லியோனிடாஸ் வெறுங்காலோடு கோல் போட்டார் என்று ஒரு கதை இன்றும் உலாவுகிறது. தோற்ற பக்கத்துக்காரனைப் பற்றிக் கதை கட்டுவதற்கு யாருக்கு ஆர்வம்? லியோனிடாஸ் அந்தக் கோப்பையில் அதிகக் கோல் போட்டவர் என்று பெயர் வாங்கினார். விலிமோவ்ஸ்கி ஆடிய உலகக் கோப்பை ஆட்டம் மொத்தமே அந்த ஒன்றுதான். 120 நிமிடம், நான்கு கோல், ஒரு பெனால்டி வாங்கிக் கொடுத்தது. அவ்வளவுதான். போலந்து மறுபடி உலகக் கோப்பைக்குள் வர 1974 ஆயிற்று.

அடுத்த வருடம் 1939 ஆகஸ்ட் 27, வார்சா. எதிரே ஹங்கேரி, 1938 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போன அணி. ஹங்கேரி 2-0 என்று முன்னே போய்விட்டது. போலந்து திருப்பி அடித்து 4-2 என்று ஜெயித்தது. மூன்று கோல் விலிமோவ்ஸ்கி. வார்சா கொண்டாடியது. ஐந்தாவது நாள், செப்டம்பர் 1, ஜெர்மன் படை எல்லை தாண்டியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. பாதியில் நின்ற லீக் பட்டியலில் ரூக் முதலிடம். கோல் பட்டியலில் 26 கோலோடு விலிமோவ்ஸ்கி முதலிடம். அந்த சீசன் முடியவே இல்லை. போலந்து அணி அடுத்த சர்வதேச ஆட்டம் ஆட 1947 ஆனது.

மேல் சிலேசியாவை ஹிட்லர் நேரடியாக ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டார். ஊர் மறுபடி கட்டோவிட்ஸ்! போலிஷ் கிளப்புகளுக்குத் தடை. போலந்தின் மற்ற பகுதிகளில் போலந்துக்காரன் அமைப்பாகச் சேர்ந்து விளையாடினாலே குற்றம். வார்சாவிலும் கிராகோவிலும் உயிரைப் பணயம் வைத்துத் திருட்டுத்தனமாக மேட்ச் நடத்தினார்கள். சிலேசியாவில் வேறு விதம். அங்கே 'மக்கள் பட்டியல்' என்று ஒன்று போட்டார்கள். நான் ஜெர்மன் வம்சம் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவனுக்கு வேலை போகும், வீடு போகும், முகாமுக்கும் அனுப்புவார்கள். அங்கிருந்த பெரும்பாலான மக்கள் கையெழுத்துப் போட்டார்கள். விலிமோவ்ஸ்கியும் போட்டார்.

போட்டும் நிம்மதி இல்லை. ரூக்குக்குத் தாவியவன்தானே என்று ஊரில் ஜெர்மன்காரர்கள் கறுவிக்கொண்டிருந்தார்கள். 1940-ல் ஊரை விட்டு ஜெர்மனிக்குள் கெம்னிட்ஸ் நகரத்துக்குப் போனார். அங்கே போலீஸ் அணியில் ஆட்டம். 1942-ல் மியூனிக் நகரின் '1860' கிளப். அந்த வருடம் ஜெர்மன் கோப்பை இறுதியில், பெர்லினில், ஷால்கே அணிக்கு எதிராக முதல் கோல் போட்டு 2-0 வெற்றிக்கு வழி செய்தவர் இவர்தான்.

ஜெர்மன் தேசிய அணிக்கு முதலில் ஆடியது 1941 ஜூன் 1, புக்காரெஸ்ட், ருமேனியாவுக்கு எதிராக. வழக்கம்போல இரண்டு கோல். 1942 அக்டோபரில் பெர்ன் நகரில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக நான்கு. பயிற்சியாளர் ஜெப் ஹெர்பெர்கர். பக்கத்தில் ஆடியவர் ஃபிரிட்ஸ் வால்டர். நவம்பர் 1942-ல் ஸ்லோவாக்கியாவோடு ஆடியதற்குப் பிறகு போர் முற்றி ஜெர்மன் அணியின் ஆட்டங்களே நின்றுவிட்டன.

இங்கேதான் எனக்குப் பேனா ஓடவில்லை. காரணம் சொல்கிறேன். அந்தோனி விக்கோ என்று ஒரு ஆட்டக்காரர். கிராகோவின் விஸ்வா கிளப்காரர். 1937-ல் போலந்து அணிக்கு ஆடியவர், 1938 உலகக் கோப்பைப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. ஜெர்மன்காரர்கள் அவரைப் பிடித்து ஆஷ்விட்ஸ் முகாமில் அடைத்து 1941 ஜூலை 3-ல் சுட்டுக் கொன்றார்கள். தேதியைப் பாருங்கள். புக்காரெஸ்டில் விலிமோவ்ஸ்கி ஜெர்மனிக்காக இரண்டு கோல் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. போலந்துக்காரர்களின் கோபத்தை யார் தப்பு என்று சொல்ல முடியும்? நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே ஆஷ்விட்ஸுக்கு விலிமோவ்ஸ்கியின் அம்மாவும் போனார். அந்த முகாம் கட்டோவிட்ஸிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்தான். யூதர் ஒருவரோடு உறவு வைத்திருந்தார் என்பது பவுலினா மீது சொன்ன குற்றம். மகன் ஜெர்மன் அணியின் நட்சத்திரம், தாய் ஜெர்மன் முகாமில் கைதி! ஹெர்மன் கிராஃப் என்ற புகழ்பெற்ற போர் விமானி ஃபுட்பால் பிரியர். அவர் தலையிட்டதால் அம்மா உயிரோடு வெளியே வந்தார் என்பார்கள். மகன் கோல் போடுகிறவனாக இல்லாமல் சாதாரணச் சுரங்கத் தொழிலாளியாக இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு யார் பரிந்து பேசியிருப்பார்கள்? இதைப் படித்த பிறகு அவர் ஏன் ஆடினார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏதோ அரசியல் கொள்கைக்காக ஆடியதாகவும் தெரியவில்லை. அவர் கையில் இருந்த தொழில் அது ஒன்றுதான். ஆனாலும் விக்கோவின் தேதி மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இரண்டும் உண்மை. எதை எடுத்து எதைத் தள்ளுவது?

1945-ல் போர் முடிந்தது. மேல் சிலேசியா முழுவதும் போலந்துக்கு. பெட்டெரெக்கும் வோடார்ஸும் ஊர் திரும்பினார்கள். விலிமோவ்ஸ்கி திரும்பவில்லை. திரும்பினால் துரோகி. முன்பு ஜெர்மன்காரர்கள் கொடுத்த அதே பட்டத்தை இப்போது போலந்துக்காரர்கள் கொடுத்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் அவரைப் பற்றிப் பத்திரிகைகள் வாயைத் திறக்கவில்லை.

ஜெர்மனியிலும் ராஜ வாழ்க்கை ஒன்றும் இல்லை. ஊர் ஊராகச் சின்ன கிளப்புகளில் ஆடினார். நாற்பதை நெருங்கும்வரை ஆடினார். அப்படி ஆடிய இடங்களில் ஒன்று கைசர்ஸ்லாட்டர்ன். அதே ஊர்க்காரரான ஃபிரிட்ஸ் வால்டர், ஹெர்பெர்கரின் கேப்டனாக 1954-ல் உலகக் கோப்பையைத் தூக்கினார். அதே நேரம் அதே ஊரில் விலிமோவ்ஸ்கி இன்னொரு சின்ன கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு பாஃப் என்ற தையல் மிஷின் கம்பெனியில் வேலை. நம் ஊரில் வீட்டுக்கு வீடு சிங்கர் மாதிரி ஜெர்மனியில் பாஃப். கார்ல்ஸ்ரூ நகரில் குடும்பத்தோடு குடியேறினார்.

1974-ல் உலகக் கோப்பை மேற்கு ஜெர்மனியில் நடந்தது. முப்பத்தாறு வருடம் கழித்துப் போலந்து வந்தது. மூன்றாம் இடமும் வாங்கியது. அந்தப் பையன்களைப் பார்த்துக் கைகொடுக்க விலிமோவ்ஸ்கி ஆசைப்பட்டாராம். கூட வந்த அதிகாரிகள் விடவில்லை என்று சொல்வார்கள்.

பின்னாளில் போலந்தில் ஆட்சி மாறியது. இவரைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். 1995-ல் ரூக் கிளப்பின் 75-ஆம் ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் போகவில்லை. 1997 ஆகஸ்ட் 30-ல் கார்ல்ஸ்ரூவில் காலமானார். வயது 81.

2008-ல் ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனியும் போலந்தும் மோதின. ஜெர்மனி 2-0. இரண்டு கோலும் லூகாஸ் பொடோல்ஸ்கி. அவர் பிறந்த ஊர் கிளிவிட்சே, அதே மேல் சிலேசியா, விலிமோவ்ஸ்கி பிறந்த இடத்துக்குப் பக்கம். கோல் போட்டுவிட்டு அவர் துள்ளவில்லை, கையைத் தூக்கவில்லை, பேசாமல் நடந்து போனார். 2021-ல் அவர் போலந்து லீக்கில் ஆடப் போனபோது அங்கே அவருக்குப் பெரிய வரவேற்பு.

விலிமோவ்ஸ்கியின் கோல்கள் இன்றும் இரண்டு இடத்தில் தனித்தனியாக இருக்கின்றன. போலந்து அணியின் பட்டியலைத் திறந்தால் ஒற்றை 'ல்' போட்ட பெயருக்கு நேரே 21. ஜெர்மன் பட்டியலைத் திறந்தால் இரட்டை 'ல்' போட்ட பெயருக்கு நேரே 13.